மாதக் கணக்கு எங்கள் மலைக்கு ஒத்துவராது

வீட்டுச் செலவைப் பற்றி எழுதுகிற எல்லோரும் மாதச் சம்பளத்தில் இருந்துதான் தொடங்குகிறார்கள். ஒன்றாம் தேதி பணம் வரும், அதில் இவ்வளவு வாடகைக்கு, இவ்வளவு மளிகைக்கு, மிச்சம் சேமிப்புக்கு. சேர்வராயன் மலையில் வாழவந்தி மாதிரி ஓர் ஊரில் இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு வரிகூட நகராது. இங்கே பெரும்பாலான வீடுகளுக்கு வருமானம் வாரக்கூலி. அந்தக் கூலியும் வருஷம் முழுக்க ஒரே மாதிரி வருவதில்லை. நவம்பரில் காப்பிப் பழம் சிவந்துவிட்டால் கணவன், மனைவி, சில வீடுகளில் மாமியார் வரைக்கும் பறிப்புக்குப் போவார்கள். பிப்ரவரி வரை கையில் காசு நிற்கும். அதை ஒட்டியே மிளகு. மார்ச் தாண்டினால் வேலை மெலிந்துவிடும். ஜூனில் மழை பிடித்த பிறகு களையெடுப்பு, நிழல் மரக் கிளை கழிப்பது என்று கிடைக்கிற அன்றைக்குக் கிடைக்கிற வேலைதான். வயிறு மட்டும் பன்னிரண்டு மாதமும் ஒரே அளவு கேட்கும்.

அதனால், எங்கள் மகளிர் குழுவில் யாராவது "பட்ஜெட் எப்படிங்க்கா போடறது?" என்று கேட்டால், நோட்டில் சாமான் பட்டியல் எழுத வேண்டாம் என்பேன். பன்னிரண்டு மாதத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதச் சொல்வேன். எந்த மாதம் காசு வரும், எந்த மாதம் வராது, எந்த மாதம் பிள்ளைகள் மூன்று வேளையும் வீட்டில் சாப்பிடுவார்கள் என்று எதிரே குறிக்கச் சொல்வேன்.

அந்த மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலும் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். பள்ளி நடக்கிற நாட்களில் அரசு தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்குக் காலையில் முதலமைச்சரின் காலை உணவு, மதியம் முட்டையோடு சத்துணவு. 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய காலை உணவுத் திட்டமும் 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும் சேர்ந்து ஒரு பிள்ளைக்கு ஒரு நாளில் இரண்டு வேளைச் சாப்பாட்டை வீட்டுக் கணக்கில் இருந்து எடுத்துவிடுகின்றன. இரண்டு பிள்ளை என்றால் நாளுக்கு நான்கு தட்டு. கோடை விடுமுறை விட்டதும் அந்த நான்கு தட்டும் ஒரே நாளில் வீட்டுக்குத் திரும்பி வரும். அதே சமயத்தில்தான் பறிப்புக் கூலி நின்றிருக்கும். அதே மே மாதத்தில்தான் ஏற்காட்டில் கோடை விழா. சுற்றுலாக் கூட்டத்துக்காக ஓட்டல்காரர்கள் மொத்தமாக வாங்கும்போது காய்கறி விலையும் ஏறும். மூன்றும் ஒரே மாதத்தில் மோதுகின்றன. மே மாதம் கடனில் விழுகிற வீட்டில் ஊதாரித்தனம் எதையும் நான் பார்த்ததில்லை. ஜனவரியில் கையில் காசு இருந்தபோது மேயை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் மலைக்கு இந்தச் சிக்கல் ஆதியில் இருந்து வந்ததில்லை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்து நட்டதற்கு முன்பு இந்த மலையின் பழங்குடிகளான மலையாளி மக்கள் சாமை, கேழ்வரகு, தினை என்று தின்பதை விதைத்தார்கள், விதைத்ததைத் தின்றார்கள். காப்பியும் சில்வர் ஓக்கும் பரவப் பரவ, உணவு நிலத்தில் இருந்து வருவது குறைந்து கடையில் இருந்து வருவது கூடியது. இன்றைக்கு ஒரு வீட்டின் சோற்றுப்பானை காப்பிச் செடியின் காலண்டரைப் பார்த்துக் கொதிக்க வேண்டியிருக்கிறது. அப்படியென்றால் நம் கணக்கும் அந்தக் காலண்டரைப் பார்த்துத்தான் போட வேண்டும்.

காசு இருக்கிற மாதத்தில், காசு இல்லாத மாதத்துக்கான சாமானை வாங்கி வைப்பது. என் யோசனையின் மையமே இதுதான். நம் பாட்டிமார் "வருஷச் சாமான்" என்று சொன்னது இதைத்தான். நல்லவேளையாகப் பயிர்களின் காலமும் இதற்கு ஒத்துவருகிறது. புதுப் புளி மாசி, பங்குனியில் வரும். மிளகாய் வரத்தும் அந்த வாக்கில்தான். புதுத் துவரையும் தை முதல் சந்தைக்கு வந்துவிடும். மிளகு சொந்தக் கொடியிலோ தெரிந்தவர் தோட்டத்திலோ கிடைக்கும். ஆக, பறிப்புக் கூலியின் கடைசி வாரங்களும் இந்தச் சாமான்கள் மலிவாக இருக்கிற வாரங்களும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வருகின்றன. அந்த நேரத்தில் புளி, மிளகாய், மல்லி, துவரை நான்கையும் ஆறு மாதத்துக்கு வாங்கிவிட்டால், மழைக்காலத்தில் வாரக்கூலி எவ்வளவு சிறுத்தாலும் குழம்பு நிற்காது.

ஆனால் மலையில் ஒரு சங்கதி உண்டு. சமவெளிக்காரர்கள் வாங்கி மூலையில் வைப்பது போல இங்கே வைக்க முடியாது. ஜூன் முதல் டிசம்பர் வரை ஈரம் சுவரில் ஊறும். மிளகாய் பூசணம் பிடிக்கும், பருப்பில் வண்டு விழும். அதனால் ஏப்ரல், மே வெயிலில் நன்றாகக் காயவைத்து, சூடு ஆறியபின் மூடி இறுகின தகர டின்னிலோ பிளாஸ்டிக் டிரம்மிலோ போட வேண்டும். துவரைக்கு விளக்கெண்ணெய் தடவி வைப்பது பழைய பழக்கம், இன்றைக்கும் வேலை செய்கிறது. பூசணம் பிடித்த கடலையையோ மிளகாயையோ கழுவித் துடைத்துச் சமைக்கவே கூடாது. அந்தப் பூசண நஞ்சு வேகவைத்தாலும் போகாது, ஈரலைக் கெடுக்கும். நன்றாகக் காயவைக்க இடம் இல்லாத வீடு ஆறு மாதத்துக்கு வாங்க வேண்டாம், இரண்டு மாதத்துக்கு வாங்கினால் போதும்.

இருப்பு வைக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை கொட்டியபோது மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. மேலே ஏறுகிற ஒவ்வொரு மூட்டையும் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறியோ குப்பனூர் வழியாகவோதான் வரவேண்டும். பாதை அடைத்தால் முதலில் காய்கறி காணாமல் போகும், அடுத்தது பால். அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு, தீப்பெட்டி பதினைந்து நாளைக்காவது வீட்டில் இருப்பது இந்த மலையில் யாருக்கும் ஆடம்பரம் கிடையாது.

இப்போது ரேஷனுக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசிக்குக் காசு கிடையாது. நான்கு பேர் உள்ள முன்னுரிமை அட்டைக்கு 20 கிலோ; அந்தியோதயா அட்டைக்கு 35 கிலோ. அதோடு 2007 முதல் நடக்கிற சிறப்புப் பொது விநியோகத்தில் துவரம்பருப்பு 1 கிலோ 30 ரூபாய், பாமாயில் 1 லிட்டர் 25 ரூபாய். சர்க்கரை ஆளுக்கு அரைக்கிலோ, கிலோ 25 ரூபாய் வீதம் நால்வருக்கு 2 கிலோ. எல்லாவற்றையும் கூட்டுங்கள்: 105 ரூபாய். வெளிக்கடையில் ஒரு கிலோ துவரம்பருப்புக்கே நூறைத் தாண்டிக் கொடுக்கிறோம்.

இந்த 105 ரூபாயை ஒதுக்கி வைப்பதுதான் பட்ஜெட்டின் முதல் வரி. கடைக்குச் சரக்கு வந்த நாளில் கையில் காசு இல்லாமல், "அடுத்த வாரம் வாங்கிக்கறேன்" என்று விட்டு, அப்புறம் பருப்பு தீர்ந்துபோய் மளிகைக் கடையில் நான்கு மடங்கு கொடுக்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். 105 ரூபாயை ஒரு டப்பாவில் போட்டு அதற்கென்றே வைத்துவிடுங்கள். வேறு எதற்கும் அதைத் தொட வேண்டாம்.

ரேஷன் அரிசி சோறு நன்றாக இல்லை என்று சொல்கிறவர்களோடு நான் சண்டை போடுவதில்லை. சோற்றுக்குப் பிடிக்கவில்லையா, இட்லி மாவுக்குப் போடுங்கள். நான்கு பங்கு ரேஷன் புழுங்கல் அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போதும், பூப்போல வரும். நொய்யாக உடைத்துக் கஞ்சிக்கு வையுங்கள். கேழ்வரகுக் களியில் போடுங்கள். வீட்டு அரிசித் தேவையில் பாதியை இப்படி ரேஷனுக்கு மாற்றினாலே, கிலோ அறுபது ரூபாய் கொடுத்து வாங்குகிற பொன்னி அரிசியின் செலவு பாதியாகும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ரேஷன் அரிசியில் கொஞ்சம் மஞ்சளாக, தண்ணீரில் மிதக்கிற மணிகளைப் 'பிளாஸ்டிக் அரிசி' என்று பொறுக்கி எறிகிறார்கள். அது அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த செறிவூட்டப்பட்ட அரிசி. நூறு பங்குக்கு ஒரு பங்கு கலந்திருக்கும். தயவு செய்து பொறுக்காதீர்கள். வீட்டில் யாருக்காவது தலசீமியா, அரிவாள் செல் ரத்தசோகை இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

அரிசியில் மிச்சம் பிடித்துவிட்டோம் என்று நிம்மதியாக உட்கார முடியாது. ஏனென்றால் காசு போகிற இடம் அரிசி இல்லை. மத்திய அரசு 2022-23இல் எடுத்த குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில், இந்தியக் கிராமப்புறத்தில் ஒருவர் மாதம் செலவழிப்பது சராசரியாக 3,773 ரூபாய் என்று வந்தது. அதில் 46 சதவீதம் உணவுக்குப் போகிறது. சரி, அந்த உணவுச் செலவுக்குள் பார்த்தால், தானியங்களுக்கு மொத்தச் செலவில் 5 சதவீதத்துக்கும் குறைவு. பானங்கள், பலகாரம், பாக்கெட் தீனி, வெளிச்சாப்பாடு எல்லாம் சேர்ந்த வகைக்கு 9.6 சதவீதம். சோற்றுக்குப் போவதைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு பங்கு நொறுக்குத்தீனிக்கும் டீக்கும் போகிறது. இந்தக் கணக்கைப் படித்த அன்று நான் எங்கள் ஊர்ப் பெட்டிக்கடைச் சரத்தைத்தான் நினைத்துக்கொண்டேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு பிள்ளைகளுக்கு நாளுக்கு ஆளுக்கொரு பத்து ரூபாய் பாக்கெட். மாதம் 600 ரூபாய். ரேஷனில் குடும்பத்துக்கு மாதம் முழுக்க வாங்கிய அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரைக்குக் கொடுத்தது 105. காற்று அடைத்த உருளைக்கிழங்குக்கு அதைப்போல ஐந்தரை மடங்குக்கும் மேல். பக்கத்து மாவட்டம் நாமக்கல்லில் இருந்து ஏறி வருகிற முட்டை ஏழு ரூபாய் என்றே வையுங்கள். 600 ரூபாய்க்கு 85 முட்டை. பிள்ளைகள் கேட்டு அழுகிறார்கள், வேலை முடிந்து களைத்து வருகிற அம்மாவுக்கு அந்தப் பத்து ரூபாய்தான் அவர்களைச் சிரிக்க வைக்கிற வழி. அது எனக்குப் புரிகிறது. ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவில்லை. சந்தை நாளில் மட்டும் என்று ஒரு வழக்கம் வைக்கலாம். மற்ற நாளில் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு, பொரிகடலை வெல்லம், சுட்ட பலாக்கொட்டை. பிள்ளைகள் இரண்டு வாரம் முறைப்பார்கள், பிறகு பழகிவிடுவார்கள்.

சின்ன பாக்கெட் விஷயம் தின்பண்டத்தோடு முடியவில்லை. டீத்தூள், மஞ்சள்தூள், எண்ணெய் எல்லாமே கூலிக்காரர் வீட்டுக்குச் சின்னப் பொட்டலமாகத்தான் வருகிறது. கையில் இருக்கிற காசுக்கு அதுதான் கிடைக்கும். பாக்கெட்டின் மேல் எம்.ஆர்.பி.யோடு ஒரு கிராமுக்கோ ஒரு கிலோவுக்கோ என்ன விலை என்றும் அச்சடிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்தச் சின்ன எழுத்தைப் படிக்கப் பழகுங்கள், பிள்ளைகளைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். ஒரே டீத்தூள் சின்னதிலும் பெரியதிலும் கிராமுக்கு எவ்வளவு வித்தியாசம் என்று தெரிந்துவிட்டால் யாரும் சொல்லாமலே கை பெரிய பாக்கெட்டுக்குப் போகும். அரிசி, பருப்பில் இன்னொன்றும் உண்டு: 25 கிலோ வரை பெயர் ஒட்டி அடைத்து விற்றால் 2022 ஜூலை முதல் 5 சதவீத ஜி.எஸ்.டி.; மூட்டையைப் பிரித்து நிறுத்துத் தருகிற சில்லறைக்கு வரி இல்லை.

பெரிய பாக்கெட் வாங்கக் காசு ஒன்றாக வேண்டுமே என்பார்கள். நியாயமான கேள்வி. இதற்குத்தான் குழு. தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழு 1989இல் பக்கத்துத் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கி, அடுத்த சில ஆண்டுகளில் சேலத்துக்கு வந்தது. கடன் வாங்கவும் கட்டவும் மட்டுமே குழு என்று பல ஊரில் ஆகிவிட்டது. சேர்ந்து சாமான் வாங்குவதற்கு அதைவிட நல்ல அமைப்பு கிடையாது. பத்து வீடு பணம் போட்டு, இரண்டு பேர் சேலம் இறங்கி, செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் துவரை ஒரு மூட்டை, புளி ஒரு மூட்டை, மிளகாய் ஒரு மூட்டை எடுத்து, வாடகை வண்டியில் ஏற்றி வந்து, ஊரில் தராசு போட்டுப் பிரித்துக்கொள்வது. வண்டி வாடகை பத்தாகப் பிரிந்துவிடும். ஒற்றை வீடு இறங்கி ஐந்து கிலோ வாங்கினால் பஸ் கட்டணமும் போன நாளின் கூலியும் மிச்சத்தை விழுங்கிவிடும். அதற்கு ஏற்காட்டுச் சந்தையே மேல். பஸ்ஸுக்குக் கொடுத்ததையும் விட்ட கூலியையும் சேர்த்துக் கூட்டிய பிறகுதான் எது மலிவு என்று சொல்ல முடியும். காய்கறிக்கென்று மட்டும் யாரும் இறங்க வேண்டாம். வேறு வேலையாகச் சேலம் போனால், திரும்பும் வழியில் அஸ்தம்பட்டி உழவர் சந்தையில் வெங்காயம், பூண்டு, உருளை மாதிரி கெடாததை வாங்கிக்கொள்ளலாம்.

கடை நோட்டைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. மழை மாதங்களில் கடைக்கார அண்ணன் பற்று எழுதிக் கொடுத்துத்தான் பல வீட்டில் அடுப்பு எரிகிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் நோட்டில் வாங்குகிறவர் விலை கேட்பதில்லை, எடை பார்ப்பதில்லை, வேறு கடைக்குப் போவதுமில்லை. பறிப்புக் கூலி வந்ததும் துணிமணிக்கு முன்னால் அந்த நோட்டைத் தீர்த்துவிட வேண்டும். தீர்த்த பிறகு அதே கடையில் ரொக்கம் கொடுத்து வாங்கிப் பாருங்கள், "ரெண்டு ரூவா குறைச்சுக்கங்கண்ணா" என்று கேட்க வாய் வரும்.

மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வருகிற வீடுகளுக்கு, மாதக் கணக்கு போட முடிகிற நிலையான வரவு அது ஒன்றுதான். 2023 செப்டம்பர் 15 முதல் வருகிறது, வருஷத்துக்கு 12,000. என் அபிப்பிராயத்தில் அது வாரக்கூலியோடு கலக்கவே கூடாது. ரேஷன் 105, முட்டைக்கு 400, கடலெண்ணெய்க்குக் கொஞ்சம், மிச்சம் வருஷச் சாமான் வாங்கக் குழுவில் போடுகிற சீட்டுக்கு. இப்படிப் பெயர் எழுதி வைத்த காசு சீக்கிரம் கரைவதில்லை.

காசே வேண்டாத சாப்பாட்டை நம் மலை எவ்வளவு கொடுக்கிறது என்பதை இளசுகள் மறந்துகொண்டிருக்கிறார்கள். வேலியில் ஒரு சௌசௌக் கொடி விட்டால் ஒரு வீட்டுக்குத் தின்று மாளாது. பூசணி, அவரை, மணத்தக்காளி, குப்பைக்கீரை எல்லாம் கழிவுத் தண்ணீரிலேயே வளரும். சித்திரையில் இருந்து ஆடி வரைக்கும் பலா. பிஞ்சு பொரியலுக்கு, பழம் தின்ன, கொட்டையைக் காயவைத்து மணலில் புதைத்தால் மழைக்காலக் குழம்புக்கு. அரைக் காணி இருக்கிற வீட்டில் ஓர் ஓரமாவது சாமையும் கேழ்வரகும் விதைக்கலாம் என்பது என் ஆசை. தர்மபுரியிலும் நீலகிரியிலும் 2023 மே மாதம் ரேஷனில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். எங்கள் மலைக்கும் அது வரவேண்டும். கேட்டு மனுக் கொடுக்க வேண்டிய கோரிக்கை.

எதைக் குறைக்கலாம் என்று இவ்வளவு எழுதிவிட்டேன். குறைக்கவே கூடாத ஒன்று இருக்கிறது. சாமான் பற்றாக்குறை வந்தால் எந்த வீட்டிலும் முதலில் சுருங்குவது அம்மாவின் தட்டு. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுச் சட்டியில் ஒட்டியதை வழித்துத் தின்றுவிட்டுப் பறிப்புக்குப் போகிறோம். 2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 53 பேருக்கு ரத்தசோகை. இப்படி மிச்சம் பிடித்த காசு சேமிப்பே கிடையாது. அது பிறகு ஆஸ்பத்திரிக்கும் விட்ட கூலிக்கும் போகும். அதனால் முட்டை வாங்கும்போது பிள்ளைகளின் எண்ணிக்கையோடு உங்களையும் சேர்த்து எண்ணுங்கள். மாமியாரையும் சேர்த்துத்தான். குழம்பில் பருப்பைக் கரைக்கும்போது ஆறு தட்டுக்குக் கரையுங்கள், ஐந்துக்குக் கரைத்துத் தண்ணீர் ஊற்றாதீர்கள். கீரையோடு ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்த்துத் தின்றால் அதில் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். டீயைச் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். இதற்கெல்லாம் கூடுதலாக ஒரு ரூபாயும் ஆகாது.

இந்தப் பறிப்பு முடிவதற்குள் குழுவில் ஒவ்வொரு வீடும் வாரம் நூறு ரூபாய் சாமான் சீட்டுக்குப் போடுவதாகப் பேசியிருக்கிறோம். பத்து வீடு, பன்னிரண்டு வாரம், 12,000 ரூபாய். பங்குனியில் லீ பஜார் இறங்க வேண்டும். துவரை மூட்டை என்ன விலை போகிறது என்று சேலத்தில் சொந்தக்காரர் இருக்கிறவர்கள் இப்போதே கேட்டு வையுங்கள். புளி கொட்டை எடுத்ததா, எடுக்காததா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கொட்டையோடு வாங்கினால் விலை குறைவு, எடுக்கிற வேலையை மழை நாளில் திண்ணையில் உட்கார்ந்து நாமே பார்த்துக்கொள்ளலாம்.